எமில் பிடிக்க முடியாத பந்துகள்

எமில் ருஷ்காவுக்கு ஓட வராது. லோம்னிஸ் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பேஸ்பாலில் மட்டையும் சுமார்தான். ஆனால் முகத்தில் இரும்புக் கூண்டை மாட்டிக்கொண்டு, மட்டையாளனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் வீசுகிற பந்தைக் கையுறையில் வாங்குவது மட்டும் அவனுக்கு நன்றாக வந்தது. அதனால் கேட்சர். வாரம் முழுக்க வெண்ணெய் ஆலையில் பால் கேன்களை உருட்டுவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மில்லர்ஸ் அணிக்காக மைதானத்தில் குந்துவான். அணி பெரும்பாலும் தோற்கும். தோற்றுவிட்டுப் பியர் குடிக்கப் போவார்கள். இப்படியே கலியாணம் ஆகாமல் முப்பதைத் தாண்டியிருந்தான்.

ஐம்பத்தொன்றாம் வருடம் மே மாதம் ஆர்லோ ஸ்கோவ் ஆலையில் வேலைக்கு வந்தான். வடக்கே நயோப்ரரா ஆற்றுப் பக்கத்துப் பண்ணைப் பையன். நெட்டை. காது இரண்டும் விரிந்து நிற்கும். பேச்சு குறைவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்துச் சுவரில் போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து எமில் சும்மா ஒரு வார்த்தை கேட்டான்.

"பந்து போடுவியா?"

"கொஞ்சம்."

"எங்க, எனக்கு ஒண்ணு போடு பாப்போம்."

எமில் கையுறையை மாட்டிக்கொண்டு குந்தினான். ஆர்லோ அவசரமில்லாமல் காலைத் தூக்கி, கையைச் சுழற்றினான். பந்து வந்ததை எமில் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டான். அவன் கை நீட்டி வைத்திருந்த இடத்துக்கே வந்து கையுறையில் அறைந்திருந்தது. உள்ளே வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த பெண்கள் என்னமோ வெடித்துவிட்டது என்று வெளியே ஓடி வந்தார்கள்.

"இதுதான் கொஞ்சமாடா?" என்றான் எமில், கையை உதறிக்கொண்டே.

அன்று சாயங்காலமே அவனை இழுத்துக்கொண்டு போய்க் காஸ்பர் விட்டெக் முன்னால் நிறுத்தினான். காஸ்பருக்கு மரக்கடை, அணிக்கும் அவர்தான் மேலாளர். அவர் பையனை மேலும் கீழும் பார்த்தார்.

"லூத்தரன் சபையா?"

"ஆமாங்க."

"பரவால்ல. ஞாயித்துக்கிழம மத்தியானத்துக்கு மேல எல்லாரும் ஒரே சபதான்."

அந்தக் கோடையில் நடந்ததை லோம்னிஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஜூனில் பக்கத்து ஊரான ஷெல்பர்னுடன் நடந்த ஆட்டத்தில் ஆர்லோவின் பந்தை அடித்து ஒருவனாலும் முதல் தளம் சேர முடியவில்லை. கடைசியாக மட்டை பிடிக்க வந்தவன் பட் கெல்லர். கிணறு வெட்டுகிறவன், ஆள் மாட்டுக்கொட்டகை கதவு மாதிரி இருப்பான், வாய் அதைவிடப் பெரிது.

"டேய் வெண்ணெய்க்காரா!" என்று எமிலைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். "இந்தப் பந்து ஒன் கைக்கு வராது. வீட்டுக்குக் கெளம்பு."

அடித்தான். அது இடதுபக்க எல்லையை நோக்கிப் பறந்தது. லோம்னிஸ் மைதானத்துக்கு வேலி கிடையாது. ஆட்டம் பார்க்க வந்தவர்கள் வரிசையாக நிறுத்திய கார்கள்தான் எல்லை. அங்கே நின்ற நாவிதன் ஹெர்ப் ஸெமான் பந்தையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினான். ஓடியவன் நிற்காமல் ஒரு ஷெவர்லேயின் முன்மூடி மேலே ஏறி, அங்கிருந்து எம்பி, பந்தைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி மேல் விழுந்தான். அது அவனுடைய சொந்தக் கார். உள்ளே அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கார்களும் ஒன்றாக ஹார்ன் அடித்தன. அன்றைக்கு அவள் திட்டியது மட்டும் அந்த இரைச்சலிலும் கேட்டதாகச் சொல்வார்கள்.

ஜூலை நாலாம் தேதி மறுபடி ஷெல்பர்ன். ஒன்பது சுற்றில் முடிய வேண்டிய ஆட்டம் இரு பக்கமும் பூஜ்யமாகவே பதினேழு வரை போனது. ஆர்லோ ஒருவனே முழுக்க வீசினான். வெயில் சாய்ந்த நேரத்தில் எமில் எப்படியோ தட்டுத் தடுமாறி மூன்றாம் தளம் வந்து நின்றான். ஷெல்பர்ன் பிட்சர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். எமிலையெல்லாம் யார் காவல் காப்பார்கள்? எமில் ஓடினான். ஏன் ஓடினோம் என்று அவனுக்கே பிறகு தெரியவில்லை. அவர்கள் கேட்சர் "வீசுடா! வீசுடா!" என்று கத்துவதற்குள் தலைகுப்புறப் பாய்ந்து, ஓட்டம் கணக்காகும் கடைசித் தளத்தைத் தொட்டுவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். ஆர்லோதான் முதலில் வந்து அவனைத் தூக்கி நிறுத்தினான்.

"மச்சான், ஒனக்கு ஓட வருமா?"

"வராதுடா," என்றான் எமில், வாயில் மண்ணோடு. "அதான் எவனும் பாக்கல."

மச்சான் என்று ஆர்லோ அழைத்தது விளையாட்டுக்கு இல்லை. எமிலின் தங்கை வில்மா டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தாள். மே முதலே இரண்டு பேருக்கும் பழக்கம். கத்தோலிக்க வீட்டுக்கு லூத்தரன் பையனா என்று முறைத்துக்கொண்டிருந்த அப்பாவும் ஜூன் ஆட்டத்துக்குப் பிறகு "அவங்களும் அதே பைபிளைத்தான படிக்கிறாங்க" என்று இறங்கி வந்திருந்தார். அறுவடை முடிந்ததும் கலியாணம் என்று பேச்சு.

அந்த ஜூலை நாலாம் தேதி ஆட்டத்தை வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் தனியாக நின்று பார்த்தார். பெரிய லீக் அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துக் கொடுப்பவர். முடிந்ததும் ஆர்லோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். செப்டம்பரில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் எமிலின் தோளிலும் ஒரு தட்டு. "இந்தப் பையன நல்லா பாத்துக்கோ."

எமிலுக்கு அது போதும். அவன் வாழ்க்கையில் அவன் கையால் நடந்த பெரிய காரியம் இதுதான். தூங்கும்போதுகூட இடது உள்ளங்கை தடித்துக் கிடக்கும். அந்த வலியே அவனுக்குப் பிடித்திருந்தது.

ஜூலை கடைசியில் ஒரு மதியம், ஆலைக்குப் பின்னால் வழக்கம்போல இருவரும் வீசிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பந்து எமிலின் தலைக்கு மேலே போய் ஆலைக் கூரையில் விழுந்து உருண்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த பந்து தரையில் குத்தி எமிலின் முழங்காலில் பட்டது. அதற்கும் சிரித்தார்கள். அதற்கடுத்ததும் தப்பியபோது ஆர்லோ தன் கையைப் பார்த்தான்.

"வெயிலு," என்றான் எமில். "போதும், வா சாப்பிடலாம்."

அந்த ஞாயிறு ஒரு சின்ன ஊரோடு ஆட்டம். தூங்கிக்கொண்டே ஜெயிக்கலாம். நான்கு பந்து தப்பாகப் போனால் மட்டையாளன் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். முதல் ஆள் நடந்தான். இரண்டாம் ஆளும், மூன்றாம் ஆளும் நடந்தார்கள். தளமெல்லாம் நிரம்பி, நான்காமவன் நடந்தபோது மட்டையே படாமல் ஓர் ஓட்டம் வந்துவிட்டது. பந்து எமிலுக்கு எட்டாத உயரத்தில் போனது. மட்டையாளனின் முதுகுக்குப் பின்னால் போனது. பாதி வழியிலேயே மண்ணைக் குத்தியது. வேகம் மட்டும் அப்படியே இருந்தது. மட்டையாளர்கள் பயந்து பின்னால் தள்ளி நின்றார்கள்.

எமில் எழுந்து, பிட்சர் நிற்கிற மண்மேட்டுக்குப் போனான். "என்னடா ஆச்சு? கை வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

"தெரியல மச்சான். ஒன் கையுறைய பாக்கறேன். அங்கதான் போடறேன்." அவன் முகம் வெளுத்திருந்தது. "அங்க போக மாட்டேங்குது."

அதற்குப் பிறகு ஊரே வைத்தியம் பார்த்தது. டாக்டர் தோளை அமுக்கி, முறுக்கிப் பார்த்து, இப்படியொரு நல்ல கையைத் தான் பார்த்ததே இல்லை என்றார். கண் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். ஹெர்ப் தன் பங்குக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டான். பாதிரியார், லூத்தரன் என்றும் பாராமல் அந்தக் கையை ஆசீர்வதித்தார். காஸ்பர் ஒருநாள் ஆட்டத்துக்கு முன்னால் மூன்று பியர் ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்குப் பந்து இன்னும் தூரமாகப் போனது. எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரிய லீக் பயம் என்றார்கள், கலியாணப் பயம் என்றார்கள், நெட்டையாக இருப்பவர்களுக்கு அப்படித்தான் என்றார்கள். ஆர்லோ எல்லோருக்கும் தலையாட்டினான். எது சொன்னாலும் செய்தான்.

விசித்திரம் என்னவென்றால், மற்றபடி அவனுக்கு ஒன்றுமே இல்லை. வீட்டுக் கொல்லையில் வில்மாவுக்குப் பந்து போட்டால் அவள் நெஞ்சுக்கு நேராக, பூப்போலப் போய் விழும். கல்லெடுத்து வேலிக் கம்பத்தை அடிக்கச் சொன்னால் கம்பத்தை அடித்தான். எமில் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேட்டில் ஏறி அவனைப் பார்த்து வீசும்போது மட்டும்தான் கை வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியானால் தன்னிடம்தான் ஏதோ இருக்கிறது என்று எமில் முடிவு செய்தான். காஸ்பரின் மரக்கடைக்குப் போனான்.

"என்னைய எடுத்துருங்க. வேற யாரையாவது கேட்சரா போடுங்க."

"வேற எவன்டா இருக்கான்?"

"ஹெர்ப் குந்துவான். அவனோட சரியா வந்துச்சுன்னா நான் ஒதுங்கிக்கறேன். எனக்கு வருத்தமே இல்ல."

வருத்தம் இல்லாமலா? மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் தன்னால்தான் என்று ஆகிவிட்டால், விலகிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? அவன் அதற்காகவே வேண்டிக்கொண்டான். பயிற்சியில் ஹெர்ப் குந்தினான். ஆர்லோ வீசிய முதல் பந்து ஹெர்ப்பைத் தாண்டி, பின்னாலிருந்த கம்பி வலையைத் தாண்டி, ரோட்டில் போன சோள வண்டிக்குள் விழுந்தது. ஹெர்ப் மெல்ல எழுந்து கையுறையைக் கழற்றி எமிலிடம் கொடுத்தான்.

செப்டம்பர் இறுதி ஆட்டம் ஷெல்பர்னோடு. ஆர்லோ இல்லாமலே கஷ்டப்பட்டு அதுவரை வந்திருந்தார்கள். வைக்கோல் தொப்பிக்காரரும் சொன்னபடி வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்காக அன்று ஆர்லோதான் வீசுவதாக இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் எமில் ஆர்லோவை, ஜனம் உட்காருகிற பலகை மேடைக்கு அடியில் தனியாகக் கூட்டிப் போனான்.

"வேணாம்டா இன்னிக்கு. ஜுரம்னு சொல்லிருவோம். நானே சொல்றேன்."

"அந்த ஆளு அம்புட்டுத் தூரத்திலேருந்து வந்திருக்காரு."

"வரட்டும். போகட்டும். அடுத்த வருஷம் வரட்டும்."

ஆர்லோ ஷூ முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். "இன்னிக்கு சரியா வந்துருமோன்னு இருக்கு மச்சான். தெனமும் காலைல எந்திரிக்கும்போது அப்படித்தான் இருக்கு."

எமில் கூண்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

முதல் பந்து நேராக வந்து கையுறையில் அறைந்தது. அந்தப் பழைய சத்தம். கார்கள் ஹார்ன் அடித்தன. எமிலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூண்டு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது பந்து வலைக்குப் போனது. மூன்றாவதும் வலைக்கு.

எமில் என்னென்னவோ செய்தான். இன்னும் தாழக் குந்தினான். எழுந்து நின்றே பிடித்தான். கையுறையை நடுவில் வைக்காமல், பந்து தப்பிப் போகிற பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பந்து அதற்கு எதிர்ப்பக்கம் போனது. இடமும் வலமும் பாய்ந்து, உடம்பால் மறித்து, நெஞ்சிலும் தோளிலும் வாங்கினான். மேட்டுக்குப் போய் ஹெர்ப்பின் மனைவி கார்க் கண்ணாடியைப் பற்றிப் பேசிய கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தான். ஆர்லோ சிரிக்கவும் செய்தான். திரும்பி வந்து குந்தினால் பந்து பெண்கள் பணியாரம் விற்கிற மேசையில் போய் விழுந்தது. ஆரம்பத்தில் ஷெல்பர்ன் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர்களும் சிரிக்கவில்லை. ஒரு கார் கூட ஹார்ன் அடிக்கவில்லை. அவ்வளவு ஜனம் இருந்தும், ஓடி வந்து கடைசித் தளத்தைத் தொடுகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்டது.

ஒருவரும் இன்னும் அவுட் ஆகவில்லை. காஸ்பர் மாற்று ஆளைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு மைதான ஓரமாக நின்றார். அப்போது பட் கெல்லர் மட்டையோடு வந்தான். எமில் அவனுடைய வாயைத்தான் எதிர்பார்த்தான். கெல்லரோ மேட்டில் நிற்கிற பையனையே பார்த்தான்.

பந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போனது. கெல்லர் அதற்கு மட்டையைச் சுழற்றினான்.

"ஸ்ட்ரைக்," என்றார் அம்பயர், சந்தேகக் குரலில். இப்படி மூன்று முறை சுழற்றித் தவறவிட்டால் மட்டையாளன் அவுட்.

அடுத்தது தரையில் குத்தித் தள்ளிப் போனது. அதற்கும் சுழற்றினான். எமில் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"என்ன பண்ற?"

"ஒன் வேலையப் பாரு," என்றான் கெல்லர், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு ஆளாவது அவுட்டாகட்டும். இத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல."

மூன்றாவது பந்து அவன் முதுகுக்குப் பின்னால் போனது. கெல்லர் முன்னால் இல்லாத பந்துக்குக் காற்றில் மட்டையைச் சுழற்றினான். அவுட். மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தலை குனிந்து திரும்பிப் போனான்.

மைதானத்தில் எல்லோருக்கும் புரிந்தது. எல்லோருக்கும் முன்னால் ஆர்லோவுக்குப் புரிந்தது. எமில் வலைக்குப் போய்ப் பந்தை எடுத்து வந்து அவனுக்கு வீசினான். ஆர்லோ அதைப் பிடித்து, இரண்டு கையாலும் துடைத்தான். பிறகு குனிந்து, முட்டையை வைப்பதுபோல மேட்டின் மேல் வைத்தான். காஸ்பரைப் பார்க்கவில்லை, எமிலையும் பார்க்கவில்லை. மூன்றாம் தளத்தைக் கடந்து, கார்களுக்கு நடுவில் புகுந்து, ரோட்டுக்குப் போய்விட்டான்.

எமில் கூண்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு நின்றான். பின்னாலேயே ஓடவேண்டும் என்று தோன்றியது. ஆனால் அம்பயர் "அடுத்த பிட்சர் வரட்டும்" என்றார். இன்னொரு பையன் வந்து மேட்டில் நின்று அவனைப் பார்த்தான். யாராவது பிடிக்க வேண்டுமே. குந்தினான். ஆட்டம் முடிகிறவரை குந்திக்கொண்டே இருந்தான். எத்தனையில் தோற்றோம் என்று அவனுக்கு நினைவில்லை. வைக்கோல் தொப்பிக்காரர் எப்போது எழுந்து போனார் என்பதையும் அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் ஆர்லோ ஆலைக்கு வரவில்லை. வடக்கே பண்ணைக்கே போய்விட்டான் என்று தெரிந்தது. வில்மா அழவில்லை. செப்டம்பர் முழுக்க டெலிபோன் நிலையத்தில் உட்கார்ந்து ஊராருக்கு இணைப்புக் கொடுத்தாள். அவளுக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. அக்டோபரில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது, "அண்ணா, வண்டிய எடு," என்றாள்.

அவர்கள் போனபோது ஆர்லோ காட்டில் சோளம் ஒடித்துக்கொண்டிருந்தான். குதிரை வண்டி தானாக முன்னால் நகர, அவன் வரிசையோடு நடந்து, கதிரை ஒடித்து, மேல்தோலை உரித்து, திரும்பிப் பார்க்காமலே வண்டியை நோக்கி எறிந்தான். வண்டியின் மறுபக்கம் உயரமாக நிறுத்திய பலகையில் அது பட்டு உள்ளே விழுந்தது. அடுத்தது. அடுத்தது. ஒன்று கூடத் தப்பவில்லை. எமில் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தான்.

ஆர்லோ அவர்களைக் கண்டதும் நின்றான். வில்மா வரப்போரமாக அவனிடம் நடந்து போனாள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். எமில் கிட்டே போகவில்லை. கடைசியில் ஆர்லோவே காரிடம் வந்தான். கை நீட்டினான்.

"வந்ததுக்கு நன்றி மச்சான்."

"நான் ஏதாவது..." என்று ஆரம்பித்தான் எமில். "என் பக்கம் ஏதாவது தப்பு இருந்தா..."

"இல்ல."

"பின்ன என்னடா அது?"

ஆர்லோ தன் வலது கையை விரித்து, சோளத் தோகை கீறிய உள்ளங்கையைப் பார்த்தான். "அத கேக்காத. நானும் அதையே கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டேன்."

மறு வருடம் ஈஸ்டர் முடிந்ததும் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது, அவன் ஊர் லூத்தரன் கோயிலில். எமில்தான் தங்கையைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் விட்டான்; அப்பாவுக்கு அதற்குள் உடம்பு முடியாமல் போயிருந்தது. ஆர்லோ நல்ல கணவன். பன்றி வளர்த்தான், சோளம் போட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கும், கோடையில் ஒருமுறையும் எமில் அங்கே போவான். பனிக்காலம் எப்படி, பன்றி விலை எப்படி என்று பேசுவார்கள். பந்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ரேடியோவில் ஆட்டம் வந்தால் ஆர்லோ எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவான். எமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ரேடியோவை அணைப்பான்.

எமில் முழங்கால் விட்டுப்போகிறவரை கேட்சராகவே இருந்தான். அதற்குப் பிறகு வந்த எந்தப் பிட்சரும் அவன் கையை வலிக்கவைக்கவில்லை.

இருபத்தைந்து வருடம் கழித்து, ஐம்பத்தொன்றாம் வருட அணிக்கு ஊர் தீயணைப்புக் கொட்டகையில் விருந்து வைத்தது. ஞாயிறு மதியம். ஆர்லோவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வில்மா மட்டும் ஒரு பாத்திரத்தில் வாத்து வறுவலோடு வந்தாள். ஹெர்ப் தன் காரின் கதையைச் சொன்னான். அவன் மனைவி குறுக்கிட்டுத் திருத்தினாள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பிறகு எமிலை மைக்குக்கு முன்னால் தள்ளினார்கள். அவன் ஜூலை நாலாம் தேதி ஓடிய கதையைச் சொன்னான், நன்றாகவே சொன்னான். உட்காரப் போனபோது பின்வரிசையிலிருந்து புதிதாக ஊருக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுந்தார்.

"ஆர்லோ ஸ்கோவுக்கு என்னதான் ஆச்சு சார்? நீங்கதான கிட்ட இருந்தீங்க?"

எமில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேருக்கு நேரா ஒக்காந்திருந்தேன்," என்றான். "அவன் போட்ட ஒவ்வொரு பந்தையும் பாத்தேன். எனக்குத் தெரியாது."

இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தார்கள். அவன் போய் உட்கார்ந்துவிட்டான்.

விருந்து முடிந்து கார்களிடம் வந்தபோது வில்மா அவன் பக்கத்தில் நடந்து வந்தாள்.

"அவரு வர்றதாத்தான் இருந்தாரு அண்ணா."

"அப்படியா?"

"காலைல குளிச்சு, வெள்ளச் சட்ட போட்டு, ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டாரு. நான் ரொம்ப சந்தோஷமா சாவிய எடுத்துட்டு வந்தேன். கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. எந்திரிக்கவே இல்ல. பாதத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சட்டையக் கழட்டி மாட்டிட்டு, பன்னிக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு."

"நீ ஏதாவது சொன்னியா?"

"என்ன சொல்றது? நீயே சொல்லு."

எமில் அவள் கையிலிருந்த மிச்ச வறுவல் பாத்திரத்தை வாங்கி அவள் காரின் பின் இருக்கையில் வைத்தான். மேடும் பள்ளமுமான ரோட்டில் அது கவிழ்ந்துவிடக்கூடாதென்று தன் கோட்டைக் கழற்றிச் சுருட்டி அண்டை கொடுத்தான். அது சரியாக நிற்கவில்லை. மறுபடி எடுத்துச் சுருட்டினான். வில்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.